மூட்டைக்குப் பத்து ரூபாய்

சங்கரன்கோவில்
11.6.2025

அன்புள்ள வேல்ராஜுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. உன் அக்கா இரண்டு நாளாக முயன்று பார்த்துவிட்டு, "உங்களாலதான வந்தது, நீங்களே பேசிச் சரி பண்ணுங்க" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டாள். நானும் அழைத்தேன். நேரில் பேசலாம் என்று உன் தெரு முனை வரை வந்தேன். தறிக்கூடத்து வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். திரும்பிவிட்டேன். எழுதினால்தான் எனக்குச் சரிப்படும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை திருவேங்கடம் சாலைத் திருப்பத்தில் உன் லோடு ஆட்டோ கவிழ்ந்ததற்கு நான்தான் காரணம் என்று நீ ஊர் முழுக்கச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். மறுக்கவில்லை. டிரைவர் கையில் சிராய்ப்போடு தப்பியதில் ஆறுதல்.

நகராட்சியின் மறுசுழற்சி நிலையத்தில் கழிவு கொண்டுவரும் வண்டிகளுக்கு என்ன கட்டணம் வைக்கலாம் என்று சொல்ல மூன்று பேர் குழு போட்டார்கள். மற்ற இருவரும் கூட்டத்துக்கு வருவதில்லை. கூட்டுறவுத் தணிக்கையில் இருந்தவர், கணக்குத் தெரிந்தவர் என்று வேலையை என் தலையில் வைத்தார்கள். என் உத்தியோக காலம் முழுக்க மற்றவர்கள் எழுதிய தொகைக்கு நேரே டிக் போட்டவன் நான். நானாக ஒரு தொகையை எழுதியது இதுதான் முதல் தடவை. எடை போட்டால் நேரமாகும், தகராறு வரும் என்று யோசித்து, நடைக்கு நூறு ரூபாய், ஒரு மாதம் சோதனை என்று வைத்தேன். நடைக்குத்தானே காசு என்று மூன்று நடைச் சரக்கை ஒரே நடையில் ஏற்றுவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு யாராக இருந்தாலும் தோன்றியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. உன் அக்கா உனக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறாள்.

கோமதிநாயகம்


15.6.2025

அத்தானுக்கு,

லெட்டர் கிடைச்சுது. கொண்டாந்த தபால்காரர் கேக்காரு, ரெண்டு தெரு தள்ளி இருந்துக்கிட்டு எதுக்கு ஸ்டாம்பு ஒட்டுதாங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல. போன்ல பேசினா எனக்கு வாய் நீண்டுரும், பெறவு அக்கா அழும். அதான் நானும் எழுதுதேன். கையெழுத்தைப் பாத்துச் சிரிக்காதீங்க.

ஆட்டோ கவுந்தது பெருசில்ல. கவுந்ததுக்குப் பெறவு நடந்ததுதான் பெருசு. ஆனிக் காத்து முந்தியே வந்துட்டு. மூட்டை பிஞ்சு கழிவு நூல் பூரா பறந்துட்டு. முக்குல புரோட்டாக் கடைக்காரன் மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தான். மாவுல பச்சை நூல். அவன் கையில எடுத்துக் காமிச்சு, "அண்ணாச்சி, இன்னைக்கு நூல் புரோட்டா, எத்தனை போடட்டும்"ங்கான். ரோட்டுல நின்னவன் பூரா சிரிக்கான். இருபத்துநாலு தறி ஓட்டுதேன் அத்தான். தறிக்காரங்க சங்கத்துக்குச் செயலாளர். இப்ப என்னைய நூல் புரோட்டான்னுதான் கூப்பிடுதானுவ.

நியாயம் கேக்கேன். ரெண்டு தறி போட்டிருக்கவனுக்கும் நடைக்கு நூறு, எனக்கும் நடைக்கு நூறு. அவன் ஒரு சாக்கு கொண்டாருவான், நான் ஒரு மலை கொண்டாருவேன். இது எந்தக் கணக்கு? இதுக்கா பி.காம் படிச்சீங்க?

சாப்பிட வரமாட்டேன். கருவாட்டுக் குழம்பு வச்சா அக்காவைக் குடுத்துவிடச் சொல்லுங்க.

வேல்ராஜ்


24.6.2025

அன்புள்ள வேல்ராஜுக்கு,

குழம்பு வந்து சேர்ந்திருக்கும்.

உன் கேள்வி சரியான கேள்வி. ஒரு வாரமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீ அறிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சுகாதார அலுவலர் ஜெபசிங் நேற்று என்னிடம் சொன்னார். நிலையத்தின் வருமானம் செலவில் பாதிக்குக்கூட வரவில்லை. இந்த நிலை மாறாவிட்டால், ஆகஸ்ட் மாதத்தோடு கேட்டைப் பூட்டிவிட்டு ஷெட்டை வாடகைக்கு விடுவது என்று கவுன்சிலில் பேச்சு இருக்கிறது. ஜூலை 31 கூட்டத்தில் கட்டணம் முடிவாக வேண்டும். முடிவாகாவிட்டால் பூட்டுதான்.

உன் தறிக்கழிவில் நல்ல பஞ்சு நூலை வியாபாரி வந்து எடுத்துப் போகிறான். அவன் தொடாதது எங்களிடம் வருகிறது. எண்ணெய் பட்ட நூல், நூல் சுற்றி வரும் கோனில் உடைந்தது, கிழிந்த பிளாஸ்டிக் உறை. அதைப் பிரித்துத்தான் அங்கே பதினோரு பெண்கள் சம்பளம் வாங்குகிறார்கள். நிலையம் இல்லையென்றால் அது போகும் இடம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தப் பெண்களுக்கு ஷரீபா பீவிதான் மேஸ்திரி மாதிரி. கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். என்னைப் பார்த்ததும், "ஐயா, கட்டணத்தை நீங்க ஏத்துங்க, இறக்குங்க, உங்க இஷ்டம். கேட்டை மட்டும் பூட்டிராதீங்க. வீட்ல உக்காந்தா எம் மாமியாகூட நாள் பூரா சண்டை போடணும், எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வாக்குக் கொடுத்ததாக அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்களோ என்று இரவெல்லாம் யோசனை.

இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லலாம் என்றுகூட நினைக்கிறேன். உன் கருத்து என்ன?

கோமதிநாயகம்


2.7.2025

அத்தானுக்கு,

வேலையை விடப்போறீங்களா? விடுங்க. வீட்ல உக்காந்து அக்காவோட சண்டை போடுங்க. உங்களுக்கும் தெம்பு கிடையாது.

என் கருத்தைக் கேட்டிருக்கீங்க. சொல்லுதேன். கோவப்படக் கூடாது.

கேட்டுல காசு கேட்டா ஒருத்தனும் வரமாட்டான். இப்பமே பாதிப் பேர் ஓடையிலதான் தட்டுதான். நான் பேர் சொல்ல மாட்டேன். கேட்டுல ஒரு பையன் நிக்கான், வண்டிக்குள்ள தலையை விட்டு, "என்ன சரக்கு, எவ்வளவு, ரசீது போடட்டுமா"ங்கான். சொந்தக் குப்பையைக் கொண்டு போறதுக்கு திருடன் மாதிரி நிக்கணுமா? நூறு ரூபா எனக்குக் காசா? இல்ல. ஆனா போற இடத்துல குப்பையையும் குடுத்துக் காசையும் குடுத்துட்டு வரணும்னா வயிறு எரியுது. அது எல்லாத்துக்கும் எரியும். உங்க கணக்குல அது வராது.

இன்னொண்ணு. அந்தக் காசு எங்க போகும்? நகராட்சிப் பொதுக் கணக்குல விழுந்தா, தெருவிளக்குக்குப் போகுமோ தண்ணி மோட்டாருக்குப் போகுமோ. சங்கத்துல எல்லாரும் இதைத்தான் கேக்கான்.

நம்ம சங்கத்தைப் பாருங்க. நூல் கடையில மூட்டை எடுக்கும்போதே மகமைன்னு மூட்டைக்கு இம்புட்டுன்னு பில்லோட சேத்துப் பிடிச்சிருதோம். எங்க அப்பா காலத்துல இருந்து நடக்கு. ஆடித் தபசு மண்டகப்படியும் அதுலதான், சங்கக் கட்டடமும் அதுலதான். எவனாவது இன்னைக்கு வரைக்கும் ஏன்னு கேட்டிருக்கானா? கேக்க மாட்டான். ஏன்னா அது நம்ம காசு, நம்ம ஆளுவ பிடிக்கான், எங்க போகுதுன்னு கண்ணுக்குத் தெரியுது. உங்க கட்டணம் அப்படியா? நகராட்சிக்காரங்களுக்கு என்னைக்கும் இது புரியாது.

இந்த மாசக் கடைசிக் கூட்டத்துக்கு நானும் வாரேன். சங்கம் சார்பா எதுத்துப் பேசத்தான் வாரேன். முன்கூட்டியே சொல்லிட்டேன், பெறவு குறை சொல்லக் கூடாது.

வேல்ராஜ்


7.7.2025

அன்புள்ள வேல்ராஜுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். உன் அக்கா என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டாள்.

கேட்டில் கட்டணம் கூடாது. நீ சொன்னதுதான். கேட்டைத் திறந்து போட்டுவிடுவோம். பணத்தை மூட்டையில் பிடிப்போம். நூல் கடையில், மகமையோடு, இன்னொரு வரியாக. நூல் மூட்டை உள்ளே வந்தால்தான் கழிவு வெளியே போகிறது. இருபத்துநாலு தறிக்காரன் நிறைய மூட்டை எடுப்பான், நிறையக் கொடுப்பான். இரண்டு தறிக்காரன் கொஞ்சம் கொடுப்பான். யாரும் யாருடைய வண்டிக்குள்ளும் தலையை விட வேண்டாம்.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, மனிதர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. முன்கூட்டியே பணம் கொடுத்துவிட்டவன் கழிவை ஓடையில் தட்டுவானா? கொடுத்த காசுக்கு, கேட்டில் கொண்டுவந்து இறக்காமல் விடுவானா?

சங்கமே வசூலித்து, நிலையத்துக்கென்று தனியாக வங்கிக் கணக்கு வைத்து அதில் கட்டலாம் என்று தோன்றுகிறது. சட்டத்தில் இடம் உண்டா என்று ஜெபசிங்கிடம் கேட்டிருக்கிறேன். மூட்டைக்குப் பத்து ரூபாய் என்று கணக்கு வருகிறது. நான்கு முறை போட்டுப் பார்த்தேன். தையல் கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஒன்றும் வேண்டாம்.

இது அசட்டு யோசனையாக இருந்தால் தயவுசெய்து சொல்லிவிடு. வேறு யாரிடமும் இன்னும் வாய் திறக்கவில்லை.

கோமதிநாயகம்


13.7.2025

அத்தானுக்கு,

நான் உங்களைத் திட்டி எழுதினதுல இருந்து எனக்கே கட்டணம் கண்டுபிடிச்சிருக்கீங்க. இந்த மாதிரி ஒரு ஆளை நான் பாத்தது இல்ல.

சங்கத்துல சொன்னேன். சொன்னதுதான் தாமசம். "மகமையில கை வைக்க உங்க அத்தானுக்கு யாரு அதிகாரம் குடுத்தா"ன்னு பாண்டியராஜன் எந்திரிச்சுட்டான். அவன் உபதலைவர், நாப்பது தறி. "நூல் புரோட்டா குடும்பமே சேந்து நம்மளை முடிச்சிரும்போல"ன்னு ஒரு சிரிப்பு வேற. பாதிப் பேரு வேண்டாம்ங்கான். மீதிப் பேரு யோசிப்போம்ங்கான். யோசிப்போம்னா வேண்டாம்னுதான் அர்த்தம்.

நீங்களே சங்கத்துக்கு வந்து பேசுங்க. நீங்க வரமாட்டீங்க, எனக்குத் தெரியும். அப்பம் கவுன்சில்லயாவது பேசுங்க. ஆனா என்னைய நம்பாதீங்க. சங்கம் என்ன சொல்லுதோ அதைத்தான் நான் அங்கன சொல்லணும். செயலாளர்னா அதான்.

வேல்ராஜ்


30.7.2025

அன்புள்ள வேல்ராஜுக்கு,

நாளைக்குக் கூட்டம். இதை உன் தறிக்கூடத்துப் பையனிடம் கொடுத்துவிடுகிறேன். தபாலில் போட்டால் நாளை மறுநாள்தான் வரும்.

சட்டத்தில் தடையில்லை என்று ஜெபசிங் சொல்லிவிட்டார். மொத்தமாகக் கழிவு தருகிற சங்கத்தோடு நகராட்சி ஒப்பந்தம் போடலாமாம். இனி கூட்டத்தில் யாராவது எழுந்து நின்று திட்டத்தைப் படிக்க வேண்டியதுதான். குழுவில் மற்ற இருவரும் வெளியூர் போயிருக்கிறார்கள். எனவே நான்.

எட்டுப் பக்கம் எழுதி, நாலாகக் குறைத்து, திரும்ப ஆறாக்கினேன். உன் அக்கா சமையலறையில் நின்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா நீங்க படிக்கது உங்களுக்கே கேக்காது போலயே" என்றாள். கூட்டத்தில் சத்தம் போட்டால் எனக்குக் கை நடுங்கும், வரி தப்பிவிடும். என் திருமணத்தன்று நன்றி சொல்ல எழுந்து, சொல்லாமல் உட்கார்ந்தவன் என்பது உனக்குத் தெரியும். மாலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நீ.

நீ எதிர்த்துப் பேசுவதில் எனக்கு வருத்தம் இல்லை. அது உன் கடமை.

கோமதிநாயகம்


1.8.2025

அத்தானுக்கு,

நேத்து நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்க அங்கனதான் நின்னீங்க, ஆனாலும் உங்களுக்குத் தெரியாது. ஏன்னா மைக்குப் பக்கத்துல போகும்போது காதுல மாட்டியிருந்த, காது கேக்குத மெஷினைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டீங்க. வேற யாரும் கவனிக்கல. நான் பாத்தேன். சத்தம் கேட்டாத்தான கை நடுங்கும், கேக்காட்டி நடுங்காதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. அப்பமே நான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுட்டேன். அதனால நடந்ததை வரிசையா எழுதுதேன், வச்சுப் படிங்க.

நீங்க ஆரம்பிச்சதும் பின் வரிசையில பாண்டியராஜன் ஆளுவ ஊளை விட்டானுவ. "சத்தமாப் படிங்க பெருசு"ங்கான் ஒருத்தன். நீங்க அதே குரல்ல படிக்கீங்க. "நூல் புரோட்டாவைப் பத்திச் சொல்லுங்க"ங்கான். நீங்க பக்கத்தைத் திருப்புதீங்க. சேர்மன் மேசையைத் தட்டுதாரு. நீங்க அவரையும் பாக்கல. இந்தச் சத்தத்துல இந்த மனுசன் அசையாம நிக்காரேன்னு சபை மெதுவா அடங்கிட்டு. பயந்த ஆளுன்னு ஊருக்கே தெரியும்லா. அந்த ஆளு இப்படி நிக்கதைப் பாத்து எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிட்டு.

பாண்டியராஜன் எந்திரிச்சான். "ரெண்டு தறிக்காரனும் நாப்பது தறிக்காரனும் ஒண்ணா"ன்னு கேட்டான். அவன் வாயை மூடல, நீங்க படிக்கீங்க: "தறி அதிகம் உள்ளவர் அதிக மூட்டை எடுப்பார், அதிகம் கொடுப்பார், இருவரும் ஒன்றல்ல." சபை அப்படியே திரும்பி அவனைப் பாக்கு. அவன் விடல. "கேட்டுல நின்னு எங்களை அவமானப்படுத்துவீங்க"ன்னான். நீங்க: "கேட்டில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்." மூணாவதா, "காசு தெருவிளக்குக்குப் போகும்"னு கத்துனான். நீங்க தண்ணி ரெண்டு மடக்குக் குடிச்சிட்டு, "பணம் தனிக் கணக்கில் இருக்கும், சங்கத்தின் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது"ன்னீங்க. ஒரு கவுன்சிலரம்மா கையைத் தட்டிட்டாங்க. பெறவு எல்லாரும் தட்டுனாங்க. பாண்டியராஜன் உக்காந்துட்டான். கேள்வி கேக்குறதுக்கு முன்னாடியே பதில் சொல்லுத ஆளுகிட்ட யாரு பேசுவா?

அந்தக் கேள்வி மூணும் நான் உங்களுக்கு எழுதினது. வரிசை மாறாம அப்படியே பதில் எழுதிக் கொண்டாந்திருக்கீங்க. எனக்கு என்னவோ பண்ணிட்டு அத்தான்.

கடைசியா அந்தக் கூட்டத்துல ஒரு சின்னப் பய, உங்க பக்கத்துல வந்து, காது கேக்காத கிழம்னு என்னமோ சொன்னான். அப்பந்தான் நான் எந்திரிச்சேன். "ஏலே, அவரைத் திட்டுததுக்குன்னு நான் ஒருத்தன் இருக்கேன், முப்பத்தஞ்சு வருசமாத் திட்டுதேன். நீ யாருலே"ன்னு கேட்டேன். எந்திரிச்சது எந்திரிச்சாச்சுன்னு, சங்கத்துச் சார்பா சம்மதம்னும் சொல்லிட்டேன். சங்கம் அப்படிச் சொல்லச் சொல்லல. சாயந்தரம் கூட்டம் போட்டு என்னைய நிக்க வச்சு உரிச்சானுவ. உரிச்சு முடிச்சுட்டு, ஓட்டு எடுத்தா எட்டுப் பேரு போக மீதி எல்லாரும் கை தூக்கிட்டான். பாண்டியராஜனும் தூக்கிட்டான். கேட்டா, "கொடுத்த காசுக்கு அந்த நிலையத்து யார்டை ரொப்பிக் காட்டுதேன் பாரு"ங்கான்.

மூட்டைக்குப் பத்து ரூபா, மூணு மாசம் கழிச்சு நீங்க கணக்குப் பாக்கணும். ஷரீபா பீவி வெளிய நின்னிருக்கா போல. உங்களுக்குச் சலாம் சொன்னாளாம், நீங்க கேக்காமப் போயிட்டீங்களாம். நான் வாங்கிக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாப்பிட வாரேன்.

வேல்ராஜ்


9.11.2025

அன்புள்ள வேல்ராஜுக்கு,

நீ வாரா வாரம் வந்து சாப்பிட்டுப் போகிறாய். ஆனாலும் இதை எழுத்தில்தான் சொல்ல வேண்டும். சங்கத்தில் நீ படித்துக் காட்டலாம்.

மூன்று மாதக் கணக்கு முடிந்தது. ஓடையில் தட்டுவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்று ஜெபசிங் சொல்கிறார். நான் எதிர்பாராத ஒன்றும் நடந்திருக்கிறது. காசு கொடுத்தாயிற்று என்பதற்காக, வியாபாரிக்குப் போட்டுவந்த நல்ல கோன், அட்டைப்பெட்டி, ஒயர்க் கட்டு என்று எல்லாவற்றையும் உன் ஆட்கள் நிலையத்தில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பாண்டியராஜன் சொன்னபடியே ரொப்பிக் காட்டிவிட்டார். அவர் கொண்டுவந்த சரக்கை விற்றதே ஒரு பெரிய வரவு. ஷரீபா பீவியும் மற்றவர்களும் போதாமல் இன்னும் நான்கு பேரை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். கவுன்சிலில் பூட்டைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. புளியங்குடி எலுமிச்சைச் சந்தையிலிருந்து இரண்டு பேர் வந்து, தங்கள் சந்தைக் கழிவுக்கும் இப்படி ஒன்று போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்கள். வருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் நானே கவனித்தேன்.

சங்கத்தில் நீங்கள் உற்சாகப்பட்டு, மூட்டைக்கு இரண்டு ரூபாய் ஏற்றிப் பன்னிரண்டு ஆக்கலாம் என்று தீர்மானம் போட்டிருப்பதாக இன்று மதியம் நீ சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னாய். உன் அக்கா கைதட்டினாள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏற்றக் கூடாது. சம்பளம், மின்சாரம், லாரி வாடகை, கூரைப் பழுது எல்லாம் போக மிச்சம் நிற்கிறது. தேவைக்கு மேல் வாங்குகிற கட்டணத்தை என்னால் சரி என்று எழுத முடியாது. இந்த மாதத்திலிருந்து மூட்டைக்கு எட்டு ரூபாய். சங்கத்தில் மறுப்பு வந்தால் சொல், புதன்கிழமைக் கூட்டத்துக்கு நானே வந்து பேசுகிறேன். பாண்டியராஜனை முன் வரிசையில் உட்காரச் சொல்.

எட்டுதான். பேரம் கிடையாது.

கோமதிநாயகம்